எஃப்எஸ்எம்ஓ ரோல்களை பழைய டிசியிலிருந்து புதுசுக்கு மாத்துறது எப்படி, எதையெல்லாம் முன்னாடியே பாத்துக்கணும்

நீங்க கேட்டதை சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 ஓடுற பழைய டொமைன் கன்ட்ரோலர்ல (டிசி, அதாவது நெட்வொர்க்குல யூசர் லாகினை சரிபாக்கிற சர்வர்) எஃப்எஸ்எம்ஓ ரோல் அஞ்சும் (ஒரு நேரத்துல ஒரே ஒரு டிசி மட்டும் பண்ணவேண்டிய தனி வேலைகள்) இருக்கு, விண்டோஸ் சர்வர் 2022 போட்டு புதுசா ஒரு சர்வரை டிசியா ப்ரமோட் பண்ணியாச்சு, இப்போ ரோல்களை புதுசுக்கு நகர்த்திட்டு பழசை எடுக்கணும். பகல்லயே பண்ணலாமா, யூசர்ஸ் லாகின் பாதிக்குமா, நடுவுல பழைய சர்வர் செத்துப்போனா என்ன பண்றது, இதுதான் கேள்வி.

பகல்லயே பண்ணலாம். ரீபூட் வேணாம், யாரையும் லாக் ஆஃப் பண்ணச் சொல்ல வேணாம், அஞ்சு ரோலும் மாற ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஆக்டிவ் டைரக்டரிக்குள்ள (யூசர், கம்ப்யூட்டர் விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ்) ரோல் மாறுதுன்னா உண்மையில நடக்கிறது ஒரு ஆப்ஜெக்ட்ல இருக்கிற எஃப்எஸ்எம்ஓரோல்ஓனர்ங்கிற ஒரே ஒரு அட்ரிபியூட்ல பேர் மாறுறதுதான், அந்த மாற்றமும் மத்ததெல்லாம் போற அதே ரெப்ளிகேஷன் (டிசிகள் ஒண்ணுக்கொண்ணு டேட்டாவை காப்பி பண்ணிக்கிறது) வழியாத்தான் எல்லா டிசிக்கும் போகுது. அதனால கமாண்ட் அடிக்கிறதுல கஷ்டமே இல்ல. ரெப்ளிகேஷன் ஒழுங்கா இல்லாம இதைப் பண்றவங்களும், பண்ணி முடிச்சிட்டு டைமையும் டிஎன்எஸ்ஸையும் பாக்காம விடுறவங்களும்தான் மாட்டிக்கிறாங்க. அதனால என் பதில்ல பாதிக்கு மேல அதைப் பத்திதான் இருக்கும்.

முதல்ல ரோல்கள் என்னன்னு வேகமா பாத்துருவோம். விண்டோஸ் என்டி 4.0 காலத்துல பிடிசின்னு (ப்ரைமரி டொமைன் கன்ட்ரோலர்) ஒண்ணுதான் எழுதக்கூடியது, மத்ததெல்லாம் பிடிசியோட காப்பி. விண்டோஸ் 2000ல எல்லா டிசியும் எழுதலாம்னு ஆக்கினாங்க, ஆனா சில வேலைகளை ரெண்டு பேர் ஒரே நேரத்துல பண்ணா சிக்கல், அதை மட்டும் ஒரு டிசி கையில வெச்சாங்க. ஃபாரஸ்ட்டுக்கு (டொமைன்கள் சேந்த மொத்த அமைப்பு) ஒண்ணா இருக்கிறது ஸ்கீமா மாஸ்டரும் டொமைன் நேமிங் மாஸ்டரும். ஒவ்வொரு டொமைனுக்கும் ஒண்ணா இருக்கிறது பிடிசி எமுலேட்டர், ரிட் மாஸ்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர். தினசரி வேலையில உங்களுக்கு கண்ணுல படுறது பிடிசி மட்டும்தான். ஸ்கீமா மாஸ்டர் ஒரு மாசம் கீழ கிடந்தாலும் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஏதாவது போட்டு ஸ்கீமா (டைரக்டரியில என்னென்ன வகை ஆப்ஜெக்ட் இருக்கலாம்னு சொல்ற வரையறை) எக்ஸ்டெண்ட் பண்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது, நேமிங் மாஸ்டரும் டொமைன் சேக்கும்போதோ எடுக்கும்போதோதான் தேவைப்படும். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டருக்கு ஒரே டொமைன் உள்ள ஃபாரஸ்ட்ல வேலையே கிடையாது. அதை குளோபல் கேட்டலாக் (ஜிசி, ஃபாரஸ்ட் முழுக்க இருக்கிற ஆப்ஜெக்ட்களோட சுருக்கப் பட்டியல்) இருக்கிற டிசியில வைக்கக்கூடாதுன்னு ஒரு பழைய விதி சொல்லுவாங்க, அது பல டொமைன் இருந்து, எல்லா டிசியும் ஜிசியா இல்லாத இடத்துக்குத்தான். ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின் (அழிச்ச ஆப்ஜெக்ட்டை மீட்கிற வசதி) எனேபிள் பண்ணிட்டா அதுவும் பொருந்தாது. ஒரே டொமைன்னா அஞ்சையும் ஒரே டிசியில வைங்க, பிரிச்சு வெச்சா அழகா இருக்கும்னு பிரிக்காதீங்க, அப்புறம் எது எங்க இருக்குன்னு தேடுற வேலைதான் மிச்சம்.

சரி, மாத்துறதுக்கு முன்னாடி. முதல்ல இப்போ யார் கையில இருக்குன்னு பாருங்க, எலிவேட்டட் கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட்டாம் க்வெரி எஃப்எஸ்எம்ஓன்னு அடிச்சா அஞ்சு வரி வரும், ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், பிடிசி, ரிட் பூல் மேனேஜர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல டிசி பேர். இதை பழைய டிசியில ஒரு தடவை, புது டிசியில ஒரு தடவை ரெண்டுலயும் அடிங்க. ரெண்டும் ஒரே பதில் சொல்லணும். வேற வேற பதில் வந்தா அங்கேயே நிறுத்திடுங்க, ரெப்ளிகேஷன் உடைஞ்சிருக்குன்னு அர்த்தம், முதல்ல அதை சரி பண்ணுங்க.

அடுத்தது ரெப்அட்மின் ரெப்சம்மரி. ஃபெயில் காலம்ல பூஜ்யம் இருக்கணும், லார்ஜஸ்ட் டெல்டா (கடைசியா ரெப்ளிகேட் ஆகி எவ்வளவு நேரமாச்சுங்கிறது) ஒரே சைட்டுக்குள்ளன்னா ஒரு மணி நேரத்தை தாண்டக்கூடாது. அப்புறம் டிசிடயாக் ரெண்டு டிசியிலயும் ஓட்டுங்க, அதுல சிஸ்டம்லாக் டெஸ்ட் ஃபெயில்னு வர்றது பெரும்பாலும் சம்பந்தமில்லாத ஏதாவது எரரா இருக்கும், படிச்சு பாத்துட்டு தாண்டலாம், ஆனா அட்வர்டைசிங், நோஸ்ஆஃப்ரோல்ஹோல்டர்ஸ், ரிட்மேனேஜர், நெட்லாகன்ஸ் இதுல ஒண்ணு ஃபெயில் ஆனாலும் தாண்டாதீங்க.

இப்போ நிறைய பேர் பாக்காத ஒரு இடம் சொல்றேன். புது டிசியில நெட் ஷேர்னு அடிங்க, சிஸ்வாலும் நெட்லாகனும் (க்ரூப் பாலிசி, லாகின் ஸ்கிரிப்ட் ஃபைல்கள் இருக்கிற ஷேர்கள்) லிஸ்ட்ல வரணும். வரலைன்னா அந்த சர்வர் பேருக்குத்தான் டிசி, அது க்ளையன்ட்டுக்கு பதில் சொல்ல ஆரம்பிக்கவே இல்ல. இது எப்படி நடக்கும்னா, பல வருஷமா ஒத்தை டிசியா ஓடிக்கிட்டிருந்த சர்வர்ல என்னைக்கோ கரண்ட் போய் டிஎஃப்எஸ்ஆர் (சிஸ்வால் ஃபைல்களை டிசிகளுக்கு இடையில காப்பி பண்ற சர்வீஸ்) டேட்டாபேஸ் சரியா மூடாம போயிருக்கும், ஈவண்ட் 2213 எழுதிட்டு அந்த வால்யூம்ல ரெப்ளிகேஷனை நிறுத்தி வெச்சிருக்கும், ரெப்ளிகேட் பண்ண இன்னொரு ஆள் இல்லாததால அதை யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. இப்போ புது டிசி வந்து சிஸ்வால் குடுன்னு கேட்டா பழசு குடுக்காது, புதுசு காத்துக்கிட்டே இருக்கும். அந்த ஈவண்ட்டுக்குள்ளயே ரெஸ்யூம் பண்றதுக்கான டபிள்யூஎம்ஐ கமாண்ட் எழுதியிருக்கும், சிஸ்வால் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு அதை அடிங்க. பாட்னரோட 60 நாளைக்கு மேல தொடர்பு இல்லாம இருந்திருந்தா ஈவண்ட் 4012 வரும், அது வேற கதை, அதுக்கு சிஸ்வால் ஆத்தரிட்டேட்டிவ் சிங்க் (ஒரு டிசியோட காப்பியை சரியானதுன்னு வெச்சு மத்ததுக்கு அனுப்புறது) பண்ண வேண்டி வரும். எதுவா இருந்தாலும் சிஸ்வால் ஷேர் ஆகாத டிசிக்கு பிடிசி ரோலை குடுக்காதீங்க, க்ரூப் பாலிசி எடிட்டர் டீஃபால்ட்டா பிடிசியைத்தான் தேடிப்போகும், அங்க பாலிசி ஃபைலே இருக்காது.

பேக்கப்பும் எடுத்துக்கோங்க, சிஸ்டம் ஸ்டேட் பேக்கப். விஎம் ஸ்னாப்ஷாட்டை பேக்கப்னு நம்பாதீங்க, ரோல் மாத்தின பிறகு யாராவது பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு திருப்பிட்டா வர்ற குழப்பத்தை சரி பண்றது ரொம்ப கஷ்டம்.

பர்மிஷன் விஷயம் ஒண்ணு. பிடிசி, ரிட், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மூணுக்கும் டொமைன் அட்மின் போதும், நேமிங் மாஸ்டருக்கு என்டர்ப்ரைஸ் அட்மின், ஸ்கீமாவுக்கு ஸ்கீமா அட்மின். நல்லா பராமரிக்கிற இடத்துல ஸ்கீமா அட்மின்ஸ் க்ரூப் காலியாத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும். உங்க அக்கவுண்ட்டை சேத்தீங்கன்னா லாக் ஆஃப் பண்ணி திரும்ப லாகின் பண்ணுங்க, இல்லைன்னா பழைய டோக்கனோட போய் ஆக்சஸ் டினைட் வாங்கிட்டு என்னமோ உடைஞ்சிருச்சுன்னு நினைப்பீங்க. வேலை முடிஞ்சதும் அக்கவுண்ட்டை அதுல இருந்து எடுத்துடுங்க.

மாத்துறதுக்கு மூணு வழி இருக்கு. மவுஸ்ல பண்ற வழி, யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ்ல டொமைன் பேர்மேல ரைட் க்ளிக் பண்ணி ஆபரேஷன்ஸ் மாஸ்டர்ஸ் போனா மூணு டேப் இருக்கும், நேமிங் மாஸ்டருக்கு டொமைன்ஸ் அண்ட் ட்ரஸ்ட்ஸ் போகணும், ஸ்கீமாவுக்கு ஸ்நாப்இன்னே தெரியாது, ரெக்எஸ்விஆர்32 வெச்சு ஸ்கீமா மேனேஜ்மென்ட் டிஎல்எல்லை ரெஜிஸ்டர் பண்ணி எம்எம்சியில சேக்கணும். இதுல ஒரு விஷயம் பலரை குழப்பும், ரோல் எந்த டிசிக்கு போகணுமோ அந்த டிசிக்கு கன்சோலை முதல்ல கனெக்ட் பண்ணணும், இல்லைன்னா மேலயும் கீழயும் ஒரே பேரைக் காட்டிட்டு சேஞ்ச் பட்டனை அழுத்தினா எரர் குடுக்கும்.

நான் பவர்ஷெல்தான் சொல்லுவேன், ஒரே வரி. மூவ்-ஏடிடைரக்டரிசர்வர்ஆபரேஷன்மாஸ்டர்ரோல், அதுக்கு ஐடென்டிட்டியா புது டிசி பேர், ஆபரேஷன்மாஸ்டர்ரோல்ங்கிற பாராமீட்டருக்கு 0,1,2,3,4. இதுல 0 பிடிசி, 1 ரிட், 2 இன்ஃப்ராஸ்ட்ரக்சர், 3 ஸ்கீமா, 4 நேமிங். ஒவ்வொண்ணா யெஸ்ஸான்னு கேக்கும், முழுசா படிச்சுட்டு யெஸ் குடுங்க. ஏடி மாட்யூல் இருக்கிற எந்த மெஷின்ல இருந்தும் அடிக்கலாம். ஃபோர்ஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு, பழைய டிசி உயிரோட இருக்கும்போது அதைத் தொடவே தொடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

மூணாவது என்டிடிஎஸ்யூட்டில். ரோல்ஸ்னு உள்ள போய், கனெக்ஷன்ஸ், கனெக்ட் டு சர்வர் அப்புறம் புது டிசி பேர், க்விட், அப்புறம் ட்ரான்ஸ்ஃபர் பிடிசி, ட்ரான்ஸ்ஃபர் ரிட் மாஸ்டர்னு ஒவ்வொண்ணா. பழைய கருவி, ஆனா பவர்ஷெல் மக்கர் பண்ற நாள்ல இதுதான் கை குடுக்கும்.

மாத்தினதும் நெட்டாம் க்வெரியை திரும்ப ரெண்டு டிசியிலயும் அடிங்க, ரெப்அட்மின் சிங்க்ஆல் போட்டு தள்ளிவிட்டு பாருங்க, டைரக்டரி சர்வீஸ் லாக்ல ஈவண்ட் 1458 வந்திருக்கும். இதோட வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு எழுந்து போயிடாதீங்க, பிடிசி மாறிடுச்சுன்னா டைமும் மாறணும், அது தானா மாறாது.

ஒரு டொமைன்ல எல்லா மெஷினும் ஏதோ ஒரு டிசிகிட்ட டைம் கேக்கும், டிசிகள் பிடிசிகிட்ட கேக்கும், பிடிசி மட்டும் வெளியில ஒரு என்டிபி சர்வர்கிட்ட (சரியான நேரம் சொல்ற சர்வர்) கேக்கணும். பழைய பிடிசியில யாரோ எப்பவோ இதை கான்ஃபிகர் பண்ணி வெச்சிருப்பாங்க, அது அந்த மெஷினோட ரெஜிஸ்ட்ரியில இருக்கு, ரோலோட சேந்து வராது. புது பிடிசியில டபிள்யூ32டிஎம் க்வெரி சோர்ஸ்னு அடிச்சு பாருங்க. லோக்கல் சிமாஸ் க்ளாக்னு வந்தா மதர்போர்டு கடிகாரத்தை நம்பி மொத்த டொமைனும் ஓடுது. விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் ப்ரொவைடர்னு வந்தா ஹைப்பர்-வி ஹோஸ்ட் குடுக்கிற டைம்ல ஓடுது, அந்த ஹோஸ்ட்டே டொமைன்ல ஜாயின் ஆயிருந்தா ஹோஸ்ட் டிசிகிட்ட கேக்கும், டிசி ஹோஸ்ட்கிட்ட கேக்கும், ரெண்டும் சேந்து மெதுவா விலகிப்போகும். அன்னைக்கே யாருக்கும் தெரியாது. கெர்பரோஸ் (டொமைன் லாகினை சரிபாக்கிற முறை) டீஃபால்ட்டா 5 நிமிஷம்தான் வித்தியாசம் தாங்கும். மொத்த டொமைனும் சேந்து விலகுறதால உள்ளுக்குள்ள எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், வெளியில இருக்கிற க்ளவுட் சைன்-இன், ஓடிபி, ட்ரஸ்ட்ல இருக்கிற இன்னொரு டொமைன், இதெல்லாம்தான் முதல்ல அடிவாங்கும், அப்போ ரோல் மாத்தினது யாருக்கும் ஞாபகத்துல கூட இருக்காது.

அதனால புது பிடிசியில டபிள்யூ32டிஎம் கான்ஃபிக் போட்டு மேனுவல்பியர்லிஸ்ட்ல உங்க என்டிபி சர்வர்களைக் குடுத்து, சிங்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ் மேனுவல், ரிலையபிள் யெஸ், அப்டேட், அப்புறம் டைம் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பழசுல அதுக்கு எதிர், சிங்க்ஃப்ரம்ஃப்ளாக்ஸ் டொம்ஹையர், ரிலையபிள் நோ. விஎம்மா இருந்தா ஹோஸ்ட்ல இருந்து வர்ற டைம் சிங்க்கை அந்த விஎம்முக்கு ஆஃப் பண்ணுங்க. இன்னொண்ணு, ஃபயர்வால்ல யுடிபி 123 வெளிய போறதுக்கு பழைய டிசி ஐபிக்கு மட்டும் ரூல் போட்டிருப்பாங்க, புது ஐபியை சேக்கலைன்னா கான்ஃபிக் எல்லாம் பக்காவா இருந்தும் சோர்ஸ் லோக்கல் சிமாஸ் க்ளாக்லயே நிக்கும். இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் கையால பண்ண வேணாம்னா டைம் செட்டிங்கை ஒரு ஜிபிஓவா (க்ரூப் பாலிசி) போட்டு, டொமைன்ரோல் 5ஆ இருக்கிற மெஷினுக்கு மட்டும்னு டபிள்யூஎம்ஐ ஃபில்டர் வைங்க, 5ன்னா பிடிசி, ரோல் எங்க போனாலும் பாலிசி பின்னாடியே போகும். என்னைக் கேட்டா எல்லா இடத்துலயும் இதைத்தான் வைக்கணும்.

பிடிசிக்கு டிஎன்எஸ்ல தனியா ஒரு எஸ்ஆர்வி ரெக்கார்டு (எந்த சர்வர் எந்த சேவையை குடுக்குதுன்னு சொல்ற பதிவு) உண்டு, அது புது பேருக்கு மாறியிருக்கணும். என்எல்டெஸ்ட்ல டிஎஸ்கெட்டிசி கூட டொமைன் பேரும் பிடிசி ஸ்விட்ச்சும் குடுத்தா யாருன்னு சொல்லும், பழைய பேரே வந்தா புதுசுல நெட்லாகன் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணா ரெஜிஸ்டர் ஆயிடும். கூடவே ஒரு நல்ல விஷயம், பிடிசி ரோல் புது வெர்ஷன் விண்டோஸுக்கு போகும்போது அந்த வெர்ஷன்ல வந்த புது பில்ட்இன் க்ரூப்கள் தானா உருவாகும், லிஸ்ட்ல புதுசா ஏதாவது க்ரூப் தெரிஞ்சா பயப்படாதீங்க.

இப்போ பழசு செத்துட்டா என்ன பண்றதுங்கிற கேள்வி. ரெண்டு பேரும் உயிரோட இருந்து பேசி மாத்திக்கிறது ட்ரான்ஸ்ஃபர், பழைய ஓனரைக் கேக்காம பிடுங்குறது சீஸ். சீஸ் பண்ணா பழையவனுக்கு தன் ரோல் போனது தெரியாது. இதுல ரிட் மாஸ்டரைத்தான் கொஞ்சம் ஆழமா புரிஞ்சுக்கணும். நீங்க உருவாக்குற ஒவ்வொரு யூசர், க்ரூப், கம்ப்யூட்டருக்கும் ஒரு எஸ்ஐடி (விண்டோஸ் குடுக்கிற தனி அடையாள எண்), அதோட கடைசி எண்தான் ரிட். ரிட் மாஸ்டர் ஒவ்வொரு டிசிக்கும் 500 எண்ணா கட்டு கட்டா குடுக்கும், பாதி தீந்ததும் டிசி அடுத்த கட்டு கேக்கும். இப்போ நீங்க சீஸ் பண்ணிட்டீங்க, புது ரிட் மாஸ்டர் கட்டுகளை குடுத்துக்கிட்டு இருக்கு, ஒரு வாரம் கழிச்சு யாரோ பழைய சர்வரை ரிப்பேர் பண்ணி ஆன் பண்ணிட்டாங்க, அது இன்னும் நான்தான் மாஸ்டர்னு நினைச்சு அதே எண்களை இன்னொரு டிசிக்கு குடுத்தா ரெண்டு அக்கவுண்ட்டுக்கு ஒரே எஸ்ஐடி. ஒருத்தருக்கு குடுத்த ஃபோல்டர் பர்மிஷன் இன்னொருத்தருக்கும் வேலை செய்யும். இது நடக்கக்கூடாதுன்னுதான் ரோல் வெச்சிருக்கிற டிசி பூட் ஆனதும் பாட்னர்கிட்ட ஒரு தடவை சிங்க் பண்ணாம அந்த ரோலை ஓட்டாது, அப்போ ஈவண்ட் 2092 வர்றதைப் பாக்கலாம், ஆனா அந்த பாதுகாப்பை நம்பி பழசை ஆன் பண்ணாதீங்க. ஸ்கீமா, நேமிங், ரிட் மூணுல எதை சீஸ் பண்ணாலும் பழைய டிசி திரும்ப நெட்வொர்க்குக்கு வரவே கூடாது, டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிடுங்க. பிடிசியும் இன்ஃப்ராஸ்ட்ரக்சரும் அவ்வளவு ஆபத்து இல்லைன்னாலும் அதுக்கும் நான் இதையேதான் சொல்லுவேன்.

அதுனால அவசரப்பட்டு சீஸ் பண்ணாதீங்க. பவர் சப்ளை போச்சு, நாளைக்கு பார்ட் வருதுன்னா காத்திருங்க, உயிரோட இருக்கிற டிசிகிட்ட ரிட் கட்டு மிச்சம் இருக்கும், யூசர் க்ரியேட் ஆகும், லாகின் நடக்கும். பிடிசி இல்லாம இருக்கிறதுதான் உறுத்தும், ஏன்னா பாஸ்வேர்டு எந்த டிசியில மாத்தினாலும் அது உடனே பிடிசிக்கு தெரிவிக்கப்படும், இன்னொரு டிசி தப்பான பாஸ்வேர்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி பிடிசியை ஒரு தடவை கேக்கும், அது இல்லைன்னா இப்பத்தான் மாத்தினேன் உள்ள விடமாட்டேங்குதுன்னு போன் வரும். பழசு திரும்ப வராதுன்னு உறுதியானா மட்டும் சீஸ், பவர்ஷெல்ல அதே வரியோட ஃபோர்ஸ், இல்ல என்டிடிஎஸ்யூட்டில்ல ட்ரான்ஸ்ஃபருக்கு பதிலா சீஸ், அது முதல்ல ட்ரான்ஸ்ஃபர் முயற்சி பண்ணிட்டு முடியலைன்னாத்தான் பிடுங்கும். அப்புறம் மெட்டாடேட்டா க்ளீனப் (செத்த டிசியைப் பத்தி டைரக்டரியில மிச்சம் இருக்கிற பதிவுகளை எடுக்கிறது), டொமைன் கன்ட்ரோலர்ஸ் ஓயூவில செத்த டிசியை டெலீட் பண்ணா பெரும்பாலானது போயிடும், சைட்ஸ் அண்ட் சர்வீசஸ்லயும் டிஎன்எஸ்லயும் மிச்சம் இருக்கிறதை கையால எடுங்க.

உங்க கேஸ்ல பழசு உயிரோட இருக்கு, அதனால ட்ரான்ஸ்ஃபர் முடிச்சுட்டு டிமோட் (டிசி வேலையில இருந்து எடுக்கிறது) பண்ணப்போறீங்க. டிமோட் பண்ணா ரோல் தானா மாறிடுமேன்னு சிலர் சொல்லுவாங்க, மாறும், ஆனா எந்த டிசிக்கு போகணும்னு நீங்க தீர்மானிக்க முடியாது, அதனால முன்னாடியே கையால மாத்திடுறதுதான் நல்லது. டிமோட் பண்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் பழசை ஷட் டவுன் பண்ணி வெச்சு பாருங்க. எஃப்எஸ்எம்ஓ மாறினதால எந்த பிரச்சனையும் வராது, பழைய ஐபியை நேரா எழுதி வெச்சிருக்கிற இடங்கள்தான் கத்தும். டிஎச்சிபி ஸ்கோப்ல டிஎன்எஸ் சர்வர், பிரிண்டர் ஸ்கேன்-டு-மெயில்ல எல்டாப் அட்ரஸ், விபிஎன் பாக்ஸ், ஸ்டாட்டிக் ஐபி போட்ட சர்வர்கள், இதெல்லாம் அப்பத்தான் வெளிய வரும். சரி பண்ணிட்டு பழசை திரும்ப ஆன் பண்ணி, ரெப்ளிகேஷன் ஓடினதைப் பாத்துட்டு முறையா டிமோட் பண்ணுங்க. அதுல சர்ட்டிஃபிகேட் அத்தாரிட்டி ரோல் இருந்தா முதல்ல அதை வேற இடத்துக்கு கொண்டு போகாம டிமோட் பண்ண விடாது. விசார்ட்ல லாஸ்ட் டொமைன் கன்ட்ரோலர் இன் த டொமைன்னு வர்ற டிக்கையும் ஃபோர்ஸ் ரிமூவல் டிக்கையும் போடாதீங்க.

டிமோட் பண்ணும்போது ரோல் ஓனர்ஷிப்பை கண்டுபிடிக்க முடியலைன்னு ஒரு எரர் வந்து, ஆனா நெட்டாம் க்வெரி அஞ்சையும் சரியா காட்டுதுன்னா, அந்த அஞ்சோட நிக்காம டொமைன்டிஎன்எஸ்ஸோன்ஸ், ஃபாரஸ்ட்டிஎன்எஸ்ஸோன்ஸ் (டைரக்டரிக்குள்ள டிஎன்எஸ் டேட்டா இருக்கிற தனிப் பகுதிகள்) ரெண்டு பார்டிஷனுக்கும் தனித்தனியா இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆப்ஜெக்ட் இருக்குங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க. எப்பவோ செத்துப்போய் ஃபோர்ஸா எடுத்த டிசியோட பேர் அங்கயே ஒட்டிக்கிட்டு இருக்கும், வேல்யூவுக்குள்ள 0ஏடிஇஎல்னு தெரிஞ்சா அதுதான். ஏடிஎஸ்ஐ எடிட்ல எந்த டிசி ஓனரா ஆகணுமோ அதையே கனெக்ட் பண்ணி, அந்த பார்டிஷனைத் திறந்து, இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆப்ஜெக்ட்டோட எஃப்எஸ்எம்ஓரோல்ஓனர்ல புது டிசியோட என்டிடிஎஸ் செட்டிங்ஸ் டிஎன்னை (டைரக்டரிக்குள்ள அந்த ஆப்ஜெக்ட்டோட முழுப் பேர்) முழுசா பேஸ்ட் பண்ணுங்க. ரெண்டு பார்டிஷனுக்கும் பண்ணிட்டு, ரெப்ளிகேஷன் ஒரு சுத்து ஓடினதும் டிமோட்டை திரும்ப ஆரம்பிங்க, போயிடும்.